வெள்ளைப் படலத்துக்கு அடியில்

அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். பள்ளிக் கட்டுரையில் செய்வதுபோல எனக்கு அழகாக வரும் இடங்களை நீட்டி, மற்றதைச் சுருக்க மாட்டேன்.

இப்போதுதான் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தேன். விரல்களில் இன்னும் வினிகர் வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. "என்னடி, ஊறுகாய் ஜாடில கைய விட்டியா?" என்று அம்மா மூக்கைச் சுளித்தாள். அந்த வாசனையோடுதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களை நினைத்தால் முதலில் வருவது உங்கள் உடைதான். நைட்டி, அதற்கு மேலே உங்கள் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் போட்ட காக்கிச் சட்டை, தலையில் ஏதோ சிமெண்ட் கம்பெனி தந்த தொப்பி. எங்கள் குடும்பம் திருச்சியிலிருந்து சிகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்த புதிதில், லிஃப்டில் உங்களைப் பார்த்துவிட்டு, யாரோ வேலைக்கு வந்தவர் என்று அம்மா நினைத்தாள். "முதல் மாடி. சொந்த வீடு. பொறந்ததே சிகந்திராபாத். தமிழ் மட்டும் வேலூர்லேர்ந்து வந்தது" என்று கேட்காமலே சொன்னீர்கள். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, "லிஃப்ட்லகூட படிக்கணுமா? ஹவ், இது பொண்ணு இல்ல, லைப்ரரி" என்றீர்கள். அன்றிலிருந்து என் பெயர் லைப்ரரிதான். தமிழுக்கு நடுவே உங்களுக்கு இந்த ஊர் உருதும் வரும்; 'ஹவ்' என்றால் ஆமாம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நம் கட்டடத்து மொட்டைமாடி சோலார் பேனல்களைத் துடைக்கும் வேலையை உங்களுக்கு யாரும் தரவில்லை. நீங்களாகப் பிடுங்கிக்கொண்டீர்கள். பொருத்திய கம்பெனி அனுப்பிய ஆட்கள், தூசி அப்பிக் கிடந்த கண்ணாடியைக் காய்ந்த சாக்கால் பரபரவென்று தேய்த்தார்கள். "டேய், கைக்குடா, எதுக்குடா இப்படித் தேய்க்கறீங்க? அது கண்ணாடியா, அடிப்பிடிச்ச குக்கரா?" என்று அவர்களை மாடியிலிருந்து விரட்டினீர்கள். அடுத்த ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், நீங்களே குழாயோடு நின்றீர்கள். முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை ஊறவைப்பது, பிறகு பஞ்சு மாப், பிறகு ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நம் தெருவைச் சுற்றிப் பாறை உடைப்பதும் கட்டடம் எழுப்புவதும் ஓய்வதே இல்லையல்லவா? துடைத்த கண்ணாடியில் நாலு நாளில் விரலால் பெயர் எழுதலாம். நான் எழுதியும் இருக்கிறேன். நீங்கள் திட்டியும் இருக்கிறீர்கள்.

என் வேலை, பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அப்பாவின் போனில் வரைபடம் பார்த்துச் சொல்வது. துடைத்த நாளில் கோடு குன்றுபோல எழும்பும். "ஏறிச்சா லைப்ரரி?" என்பீர்கள். "ஏறிச்சு அத்தை!" "ஏறாம? யார் கை?" என்று இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே ஆட்டுவீர்கள். அடக்கமெல்லாம் உங்களிடம் கிடையாது. உங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் பார்க்காத விருந்தாளியை நீங்கள் வெளியே விட்டதே இல்லை. சுத்தம்தான் உங்கள் கர்வம். அதை யாரும் தொட்டதில்லை, அந்தக் கோடை வரை.

அந்தக் கோடையில் போர்வெல் இறங்கிவிட்டது. லாரித் தண்ணீருக்குச் சண்டை. பள்ளியில் நீர் சேமிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்புகிறது என்று படித்தேன். நெஞ்சு கொதித்தது. பேசியதோடு விடவில்லை. கட்டடம் முழுவதும் கதவு தட்டி, ஆர்.ஓ. கழிவுக் குழாயின் அடியில் கேன் வைக்கச் சொன்னேன். நிறைந்த கேன்களை மாடிக்குக் கொண்டுவந்து ஊற்ற ஒரு நீல டிரம். அதில் வெள்ளைப் பெயிண்டால், 'பேனல்களுக்கு மட்டும்' என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதினேன். கீழே சின்னதாக என் பெயரையும்.

குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் கைதட்டல்தான் கடைசியாக நின்றது. பால்காரரிடம்கூடச் சொன்னீர்கள்: "எங்க லைப்ரரி வச்ச ட்ரம். சொட்டுத் தண்ணி வீணில்ல." அன்று முதல் நீங்கள் பேனலுக்கு வேறு தண்ணீர் தொடவில்லை. ஒருநாள் மஞ்சீரா ஆற்றுக் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தபோதும், "நக்கோ, வேணாம், அது குடிக்கிற தண்ணி. பாப்பா கோச்சுக்கும்" என்று டிரம்மிலிருந்துதான் மொண்டீர்கள்.

ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அது தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் இயந்திரம் என்று என் பேச்சிலேயே சொன்னேன். பிரித்த உப்பு எங்கே போகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடியில் முதலில் புள்ளி புள்ளியாக வந்தது. பிறகு வெற்றிலைச் சுண்ணாம்பு பூசினமாதிரி ஒரு வெள்ளை. வரைபடக் கோடு படுத்துவிட்டது. படிக்கட்டு விளக்குக்கும் லிஃப்டுக்கும் பேனல் மின்சாரம் போதவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. நீங்கள் ஞாயிறோடு புதனும் மாடிக்கு வந்தீர்கள். பிறகு தினமும் வந்தீர்கள். அதே டிரம், அதே தண்ணீர். நீங்கள் துடைக்கத் துடைக்க வெள்ளை கூடிக்கொண்டே போனது.

கூட்டத்தில் ஐந்தாம் மாடிச் செயலாளர் அங்கிள் போனில் எடுத்த பேனல் படத்தை எல்லோருக்கும் காட்டினார். "மேடம் பாவம், ஆசையா செய்யறாங்க. வயசாயிடுச்சில்ல" என்று தெலுங்கில் சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

"என் சமையல்கட்ட வந்து பாருங்க. அப்புறம் பேசுங்க" என்றீர்கள்.

"சமையல்கட்டுல சோலார் இல்லையே மேடம்" என்று இன்னொருவர். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

என் அப்பா நல்லவர். பேச்சை முடித்துவைக்க நினைத்து, "விடுங்க மேடம், நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? ஒரு ஆள் வெச்சுக்கலாம்" என்றார். கையில் கொண்டுவந்திருந்த வைப்பரைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது எழுதக் கூசும் இடம். அன்று எனக்கு உங்கள்மேல் பரிதாபம் வந்தது. அவர்கள் சொல்வது அநியாயம் என்று தோன்றவில்லை. மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து, பெரிய மனுஷி மாதிரி மென்மையாகச் சொன்னேன்: "மூலையெல்லாம் விட்டுடறீங்க அத்தை. நான் வேணா கூட வரட்டுமா?"

நீங்கள் கோபப்பட்டிருக்கலாம். "ஹவ் கண்ணு, பார்வை சரியில்ல போல" என்றீர்கள். அந்த வாரமே கண் டாக்டரைப் பார்க்கப் போனீர்கள். திரும்பி வரும்போது கேட்டருகே என்னைப் பார்த்து நின்றீர்கள். சிரித்தீர்கள், ஆனால் வழக்கமான சிரிப்பில்லை. "கண்ணு சுத்தமா இருக்காம், லைப்ரரி. அப்ப கைதான் போயிடுச்சு." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். என் முகத்துக்கு நேரே ஆட்டிய அதே கைகள்.

கொஞ்ச நாளில் நாக்பூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "சும்மா, மாறுதலுக்கு" என்றீர்கள். பேனல்கள் அதன்பின் கவனிப்பாரில்லாமல் கிடந்தன.

மழைக்காலம் முடிந்து, வேதியியல் வகுப்பில் ஆசிரியை ஒரு கண்ணாடித் தகட்டில் உப்பு மிகுந்த கடினநீரைச் சொட்டவிட்டுச் சூடாக்கிக் காட்டினார். நீர் போயிற்று. வெள்ளை வளையம் நின்றது. எனக்கு அந்த வளையத்தைத் தெரியும். மாலை பள்ளிப் பையோடு மாடிக்கு ஓடினேன். அம்மாவின் வினிகரில் தண்ணீர் கலந்து ஒரு பேனலின் ஓரத்தில் தேய்த்தேன். வெள்ளை கரைந்து, உள்ளங்கை அளவுக்குக் கருநீலம் தெரிந்தது.

அப்போது எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். இல்லை. சந்தோஷம் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். முறையாக நிரூபிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒரு வரிசையை வினிகரும் நல்ல தண்ணீரும் விட்டுச் சுத்தம் செய்வது, மற்றொன்றை அப்படியே விடுவது, இரண்டையும் ஒப்பிடுவது.

அந்த நாட்களில்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

"பேனல் எப்படி இருக்கு, லைப்ரரி? புது ஆளு நல்லா துடைக்கிறானா?"

"யாரும் வரல அத்தை. உங்களுக்கு ஒரு விஷயம் வச்சிருக்கேன். வந்ததும் சொல்றேன்."

"இப்பவே சொல்லேன். கைக்கு இந்த சஸ்பென்ஸ்?"

"இன்னும் முடியல அத்தை. முழுசா முடிச்சிட்டு."

"சரி, நான் எங்க போயிடப் போறேன்?" என்றீர்கள்.

'உங்க கை நல்லாத்தான் இருக்கு அத்தை.' ஒரே வாக்கியம். சொல்ல ஒரு மூச்சுப் போதும். அதற்கு நிரூபணம் தேவைப்பட்டது எனக்குத்தான், உங்களுக்கில்லை. என் வரிசைகள் முடியும் முன்பே உங்கள் தம்பி அப்பாவுக்குப் போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம்.

அடுத்த கூட்டத்தில் உங்களுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்ததும் நான் மட்டும் மறுபடி எழுந்தேன். டிரம் என்னுடையது, தண்ணீர் என் யோசனை, வெள்ளை உப்பினால் வந்தது, அத்தையின் கையில் குறையில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

கைதட்டினார்கள், அத்தை.

"சபாஷ்! எவ்வளவு புத்தி!" என்றார் செயலாளர் அங்கிள். அப்பா என் முதுகில் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரம் வைத்ததற்கும் கைதட்டல், டிரம் தப்பு என்று சொன்னதற்கும் கைதட்டல். "அத்தை மேல தப்பே இல்ல" என்று மறுபடி சொன்னேன். செயலாளர் அங்கிள் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "அவங்க மேல தப்புன்னு யாரும்மா சொன்னது?"

சுற்றிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் பொய்யில்லை. மறந்தே போயிருந்தார்கள். உங்கள் கையைப் பறித்ததுகூட அவர்களுக்கு நினைவில் வைக்கும்படியான விஷயமாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். "நீ குழந்தைடி, உனக்கென்ன தெரியும்" என்று அம்மா கதவுக்கு வெளியிலிருந்து சமாதானம் சொன்னாள். உங்களிடம் மூலைகளைப் பற்றிப் பேசியபோது நான் குழந்தையாக இருக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதிலிருந்து ஞாயிறுதோறும் நான் மாடிக்குப் போகிறேன். வினிகர், பஞ்சு, பிறகு மஞ்சீரா தண்ணீர், பிறகு உங்கள் வைப்பர். இன்று கடைசிப் பேனல். உப்பு அங்கேதான் மிகத் தடிமனாக இருந்தது. நீங்கள் அதிகமாகப் பாடுபட்டது அதில்தான். ஊறவைத்து, நகம் படாமல், ஓரத்திலிருந்து மெதுவாகக் கரைத்தேன். படலம் கழன்று வந்தது. அடியில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. மண் இல்லை, புறா எச்சத்தின் கறை இல்லை, சட்டத்தின் இடுக்கிலும் ஒரு கோடு அழுக்கு இல்லை. மூலைகளை விரலால் தடவிப் பார்த்தேன். நான்கு மூலையும் உங்கள் பித்தளைக் குடம்போல இருந்தன. நீங்கள் ஒரு மூலையையும் விட்டதில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் செயலாளர் அங்கிள் மேலே வந்தார். "கஷ்டப்படறியேம்மா" என்றார். அவர் கையைப் பிடித்து, பாதி வெள்ளையும் பாதி கருநீலமுமாக இருந்த அந்தக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினேன். அவர் கண் முன்னாலேயே மிச்சப் படலத்தை வழித்தேன். "மூலையப் பாருங்க அங்கிள்" என்றேன்.

குனிந்து பார்த்தார். அவரும் விரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

"வயசாயிடுச்சுன்னு சொன்னது நான்தான், இல்லம்மா?" என்றார்.

"ஆமாம் அங்கிள். மூலைய விட்டுடறீங்கன்னு சொன்னது நான்."

அவர் கைதட்டவில்லை. அதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். போகும்போது, சுவரில் சாத்தியிருந்த உங்கள் வைப்பர் சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

டிரம்மில் இருந்த என் பெயரைச் சுரண்டிவிட்டேன். 'கழிப்பறை கழுவ மட்டும்' என்று மாற்றி எழுதியிருக்கிறேன். இன்று கோடு ஏறிவிட்டது, அத்தை. "யார் கை?" என்று கேட்க ஆளில்லாததால் நானே கேட்டுக்கொண்டு, நானே பதிலும் சொன்னேன்: உங்கள் கை.

வெட்கம் போகவில்லை. போக வேண்டும் என்று அவசரமும் இல்லை. எதையாவது உறுதியாகத் தெரியும் என்று வாயெடுக்கும்போதெல்லாம், கேட்டருகே நின்று கைகளைத் திருப்பிப் பார்த்த உங்களைப் பார்க்கிறேன். நிறுத்திக்கொள்கிறேன்.

இறங்கி வரும்போது வழக்கம்போல ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பளீரென்ற வெயில். "சூரியனுக்கே டார்ச் அடிக்கறாங்க பாரு" என்று நீங்கள் திட்டிக்கொண்டே இறங்குவது காதில் கேட்டது. லிஃப்டில் வரவில்லை. நடந்தே வந்தேன். உங்கள் முதல் மாடி வரை எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டேன்.