பரசுராமன் அண்ணனிடம் யார் சொல்வது

ஜூன் 2, 1998. செவ்வாய்

கலசபாக்கத்தில் கல்யாண வரவேற்பு. திரும்பும்போது வேனில் வழக்கமான படலம். எங்கள் மெல்லிசைக் குழுவின் சட்டம் அது: ஊர் வந்து சேருவதற்குள் ஒவ்வொருவரும் மற்றவரின் பிழைகளைச் சொல்லியாக வேண்டும். யாராவது யாரையாவது பாராட்டிவிட்டால் எல்லோருக்கும் டீ அவர் கணக்கு. எட்டு வருஷமாகப் பரசுராமன் அண்ணன் பாடி நடத்தும் குழு. இதுவரை டீ வாங்கிக் கொடுக்க நேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அவரோடு டூயட் பாட, நிகழ்ச்சியை அறிவிக்க என்று நான் சேர்ந்து மூன்று வருஷம். சென்னையில் எம்.ஏ. படித்தபோது இலக்கிய விமர்சனம் என்று ஒரு தாள் இருந்தது. இந்த வேனுக்கு அது உறைபோடக் காணாது.

கீபோர்டு கோபிதான் இன்று ஆரம்பித்தான். "இன்னா அண்ணே, மேல போவும்போது தொண்டையில தவளை மாட்டிக்கிச்சா?"

அண்ணன் சிரித்தார். வாய் திறந்திருந்தது. தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

மற்றவர்கள் சிரித்த சத்தத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜூன் 5

ஒத்திகை. தண்ணீர் குடிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். விழுங்குவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று.

ஜூன் 8, திங்கள்

திரௌபதி அண்ணி நான் பாடம் நடத்தும் டூட்டோரியல் வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். தொண்டையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அடுத்த செவ்வாக்கிழம முடிவு சொல்றாங்களாம். நீயும் வாயேன் மதி. அவங்க இங்கிலீஷ்ல பேசினா எனக்கு நெஞ்சு அடச்சிக்குது."

சரி என்றேன். வகுப்புக்குத் திரும்பியபோது கையில் சாக்பீஸ் இருந்தது. எதற்கு என்று மறந்துபோயிருந்தது.

ஜூன் 10

பௌர்ணமி. ஊர் முழுக்கக் கிரிவலம் வரும் கால்கள். எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. கேட்டால் அது உண்மையாகிவிடும் போல. கேட்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

அண்ணன் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். தமிழில்தான் சொன்னார். என் ஆங்கிலம் எதற்கும் பயன்படவில்லை.

குரல்வளையில் புற்று. பரவவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் பிழைப்பார். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை இருக்கும். பாட முடியாது. பேசவும்.

"அவருக்குத் தெரியாம நான் கத்தி வெக்க மாட்டேன். அடுத்த செவ்வாய் சேரணும். அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

வராந்தாவில் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா வரமாட்டாரு. சின்னக் கட்டின்னு சொல்லி இட்டாந்துடலாம்."

"டாக்டர் சொல்லிடுவாரு அண்ணி."

"அப்போ நீ சொல்லு. ஆயிரம் பேரு முன்னால மைக்கப் புடிச்சிப் பேசறவதான நீ."

திரும்பும் பஸ். அண்ணன் ஜன்னலோரம். இன்னா சொன்னாங்க என்று கேட்டார். சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும் என்றார் அண்ணி. அண்ணன் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். கண்ணமங்கலத்தில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். தின்றேன். எப்படித் தின்றேன்?

ஜூன் 17

எதற்குப் பயப்படுகிறேன்? அவர் செத்துப்போவதற்கா? பிழைத்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பதற்கா?

என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் குரலுக்குப் பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியும்.

ஜூன் 18

கோபியிடமும் டோலக் வாசிக்கும் தருமனிடமும் சொன்னேன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். கோபி திரும்பி நின்று அழுதான். தருமன் அண்ணனோடு பள்ளிக்கூடம் படித்தவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம எல்லாரும் கூடுவோம். பழச எல்லாம் பேசி அவன் மனச லேசாக்குவோம். அப்பறம் நீ மெதுவா சொல்லு."

மெதுவாக. இதை எப்படி மெதுவாகச் சொல்வது?

ஜூன் 21, ஞாயிறு

திருவூடல் தெரு. சைக்கிள் கடை மாடியில் எங்கள் ஒத்திகை அறை. மதியம்.

கோபி ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். தருமன் ஹார்லிக்ஸ் பாட்டில். மகள் கவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அண்ணி வந்திருந்தார். சுவரோரம் உட்கார்ந்தார்.

தருமன் தொடங்கினார். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. தண்டராம்பட்டில் ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியம். பக்திப் பாட்டாகத் தயார் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். செத்தவர் குத்துப்பாட்டுப் பிரியராம். அதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார்.

"மால போட்ட போட்டோ முன்னால நின்னுகினு பாடனான் பாரு மச்சான்! மொட்ட போட்ட புள்ளைங்க எல்லாம் ஆடறானுங்க. அந்தப் பெரியம்மா கண்ணத் தொடச்சிகினு 'இன்னொருவாட்டி பாடு நைனா'ன்னுச்சு." தருமன் நிறுத்தினார். "அது மாதிரி ஒருத்தனாலயும் பாட முடியாது. ஒருத்தனாலயும்."

அடுத்து கோபி. ஒரு பௌர்ணமி, அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தல். தொலைந்துபோன குழந்தை ஒன்று. பெயர் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணன் மைக்கை வாங்கி அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மாக்காரி ஓடி வந்தாளாம்.

"வந்து இன்னா சொன்னா தெரியுமா? 'புள்ளையப் புடிச்சி வெச்சிகினு பாட்டா பாடற, படுபாவி!'"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும், சத்தமில்லாமல். அத்தோடு விட்டிருக்கலாம். "ஆனா அந்தக் கொரலு அண்ணே... அதுக்குப் பின்னால வாசிச்சதே என் புண்ணியம்" என்றான் கோபி.

என் முறை. ஆரணியில் என் முதல் மேடை. இரண்டாம் சரணம் மறந்துபோய் நின்றேன். அண்ணன் என் வரிகளையும் பெண் குரலில் இழுத்துப் பாடினார். கூட்டம் விசிலடித்தது. கோபத்தில் அழுதேன். "அன்னிக்கு நீங்க பாடலன்னா நான் மேடையை விட்டே போயிருப்பேன் அண்ணா. தேங்க்ஸ்."

அந்தச் சொல் அறையில் எடுப்பாரில்லாமல் கிடந்தது.

அண்ணன் ஆப்பிளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எட்டு வருஷமா ஒருத்தனும் என்ன ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. இன்னிக்கி வரிசையா சொல்றீங்க. டீ யாரு கணக்கு?"

கோபி ஆப்பிள் பையைத் தன் பின்னால் நகர்த்தினான்.

"டேய் கோபி, பீடிக்கே என்னாண்ட கை நீட்டறவன் நீ. ஆப்பிள் வாங்கியாந்திருக்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அது நின்றது. "எத்தன மாசம்னு சொல்லியிருக்காங்க?"

"அய்யோ, அப்படில்லாம் இல்லீங்க" என்று அண்ணி எழுந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். என்னை மட்டும்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லண்ணா. ஆபரேஷன் பண்ணா பொழச்சிக்குவீங்க. ஆனா குரல்..."

"பாட முடியாதா?"

"முடியாதுண்ணா."

"பேச்சு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வேனில் நிகழ்ச்சியை அலசும்போது கூட இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை.

ஆப்பிளைத் தரையில் வைத்தார். உருண்டுவிடாதபடி பார்த்து வைத்தார். "கீழ போய்ட்டு வரேன்" என்றார்.

வரவில்லை.

அதே நாள், மாலை

எங்க போனாரு? தருமன் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு மலை சுற்றும் பாதைக்குப் போயிருக்கிறார். கோபி பஸ் ஸ்டாண்டுக்கு. நானும் அண்ணியும் அவர்கள் வீட்டில். அண்ணி வாசலுக்கும் உள்ளுக்குமாக. குளம், கிணறு, ரயில் பாதை - ஒவ்வொன்றாக என் மனசு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. நான்தான சொன்னேன். சொல்லாம இருந்திருக்கணும். இல்ல, அன்னிக்கே பஸ்ல சொல்லியிருக்கணும். எதுதான் சரி? 

விளக்கு வைக்கிற நேரத்தில் தருமன் அவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். அடி அண்ணாமலை தாண்டி ரோட்டோரச் சிமெண்டு பெஞ்சில் இருந்தாராம். இறங்கியவர் எங்களைப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு நான் வரல."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 22, திங்கள்

நாளை சேர வேண்டும். காலையிலிருந்து அவர் வீட்டில். கோபி கெஞ்சினான். தருமன் திட்டினார். நான் எங்கோ படித்ததை எல்லாம் சொன்னேன். என் காதுக்கே அது மொழிபெயர்ப்பு மாதிரி இருந்தது.

"பாடாம இருந்து இன்னா கிழிக்கப் போறேன்?" என்றார் அண்ணன். "நீங்களே சொன்னீங்கல்ல நேத்து. அதான் நான். அது போச்சுன்னா வேற எவனோ."

உண்மைதான். நேற்று நாங்கள் சொன்ன கதைகளில் எல்லாம் அவர் பாடிக்கொண்டிருந்தார். பாடாத ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறோம். அவரைச் சாகச் சொல்லியிருக்கிறோம், சிரித்துக்கொண்டே.

அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "நேத்து ஆளாளுக்குக் கத சொன்னீங்க. என்ன யாரும் கேக்கல."

நாங்கள் திரும்பினோம்.

"பொண்ணு பாக்க வந்தாரு இவரு. காபி குடுத்தேன், வாங்கிக்கினாரு. எங்கப்பா கேட்டதுக்கெல்லாம் இவங்க அக்காதான் பதிலு. இவரு வாயத் தெறக்கல. அவங்க போனதும் எங்கம்மா, 'மாப்ள ஊமையா கீமையா இருக்கப் போவுது, நல்லா விசாரிங்க'ன்னுச்சு. எங்கப்பா என்னாண்ட கேட்டாரு. ஊமையா இருந்தா இன்னா, இவரையே கட்டிக்கிறேன்னு சொன்னேன்."

அண்ணன் நிமிர்ந்தார். "இத நீ சொன்னதே இல்லியே."

"எங்க கேட்ட? நீதான் பாடிக்கினே இருந்தியே." அண்ணி அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பாடறவருன்னே எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கப்பறம்தான் தெரிஞ்சிது. பொழுதுக்கும் ஊர் ஊரா சுத்துவாரேன்னு அழுதேன்."

கோபி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

முறம் நின்றது. "பாட்டு போனா போவட்டும். நீ போனா கவியாவாண்ட நான் இன்னா சொல்லுவேன்?"

தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் கூவலை அண்ணன் கடைசி வரை கேட்டார்.

"பை எடுத்து வெச்சிட்டியா?"

"காலையிலயே வெச்சிட்டேன்" என்றார் அண்ணி.

ஜூன் 23

வேலூர் பஸ். போளூர் வரை அண்ணன் பேசிக்கொண்டே வந்தார், தேய்ந்த அந்தக் குரலில். கத்தரிக்காய் விலை, டிரைவரின் மீசை, யாருடைய எருமையோ. நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.

ஜூன் 25

நாளை ஆபரேஷன். கடைசியாக ஒரு பாட்டுப் பாடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். பாடவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கவியாவைக் கூப்பிடச் சொன்னார். பல் தேய்த்தாயா, எதிர்வீட்டு நாயை ஏன் சீண்டினாய், முட்டை தின்றாயா. கட்டண மீட்டரில் எண்கள் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தன. பேசிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 26, வெள்ளி

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறோம். வேறு யாருக்கோ. மறுபடி உட்காருகிறோம். அண்ணியின் கை என் கையில் ஈரமாக இருக்கிறது. எது யாருடைய ஈரம்?

டாக்டர் வந்தார். நல்லபடியா முடிஞ்சுது என்றார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 28

பார்க்க விட்டார்கள். கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அவர் மூடிக்கொண்டதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

ஜனவரி 24, 1999. ஞாயிறு

போளூர். தை மாதக் கல்யாணம். நேற்று அண்ணனுக்கு வேலூரில் பரிசோதனை. இதுவரை ஒன்றும் இல்லை என்றாராம் டாக்டர். இந்த 'இதுவரை'யோடுதான் இனி இருக்க வேண்டும்.

அண்ணன் இப்போது பந்தலின் கடைசியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்காருகிறார். கழுத்தில் மெல்லிய துணி. பக்கத்து ஸ்டூலில் கவியா. அவர் இடத்தில் பாட வந்திருப்பவன் இளஞ்செழியன், செங்கத்துக்காரன். நல்ல குரல், கூச்சம் ஜாஸ்தி. டூயட்டில் என் குரல் அவனை மூடிவிடுகிறது. தெரிந்தும் நான் அடக்கவில்லை. பழக்கமாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் சரணத்தில் அண்ணன் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் கை எதிலும் படவில்லை. பிறகு விரல் நகர்ந்தது. இளஞ்செழியனின் குரல் மெல்ல ஏறி, என்னைத் தாண்டி, பந்தல் முழுக்க நிறைந்தது.