பேர் வெட்டிய வாட்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் மணி பார்க்கவேண்டிய அவசியம் இருக்காது. எனக்கு இங்கே விடிந்தால் அதுதான் வேலை. வருகிற செவ்வாய்க்கிழமை மெட்ராஸில் நம் மகள் காந்திக்கு ஆபரேஷன். மெட்ராஸ் என்று சொல்லக்கூடாதாம், சென்னை என்று பேரை மாற்றிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்லவேண்டிய சங்கதி இப்படி எத்தனையோ சேர்ந்து கிடக்கிறது. இன்றைக்கு உங்கள் வாட்ச் கதையை மட்டும் சொல்கிறேன்.

இதை நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கே அனுப்பப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போல இன்னொருத்தர் எங்கேயாவது கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார் அல்லவா?

பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. படி ஏறியவள் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று டீச்சர் ஆள் அனுப்பினார். இனித் தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் அழக்கூட இல்லை. நேராக பீரோவைத் திறந்து உங்கள் வாட்ச் பெட்டியைத்தான் எடுத்தேன். நீங்கள்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள், ஆபத்துக்கு அது இருக்கிறது என்று.

துபாயில் வாட்ச் கடையில் நின்று ஊரார் கைக்கெல்லாம் கட்டிவிட்ட மனுஷர், ஆறு வருஷச் சம்பாத்தியத்தைத் தனக்கென்று ஒரு வாட்சில் போட்டுவிட்டு வந்தீர்கள். பேட்டையில் நல்ல மனை வந்ததே, வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். "ஏளா, உலகத்துக்கே ஐந்நூறுதான் செஞ்சிருக்கான். இனிச் செய்யமாட்டான். பின்னால நம்பர் போட்டிருக்கு பாரு. வருஷம் போகப் போக வெல ஏறிக்கிட்டே இருக்கும்" என்றீர்கள். தங்கமா என்று கேட்டேன். இல்லை, எவர்சில்வர் என்றீர்கள். நான் சிரித்த சிரிப்புக்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு நாளாவது அதைக் கையில் கட்டினீர்களா? கீறல் விழுந்தால் விலை போய்விடும் என்று பொத்திப் பொத்தி வைத்தீர்கள். பிறகு மஞ்சள் காமாலை வந்து, நீங்களே போய்விட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாளுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க எவர்சில்வர் தம்ளர் வாங்கினோம். உங்கள் அப்பாதான் பாத்திரக் கடையில் கூடவே உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பேரையும் மறைந்த தேதியையும் வெட்டி வாங்கினார். திரும்பி வந்ததும், என்னிடம் சொல்லாமல் கூடவே கொண்டுபோயிருந்த உங்கள் வாட்சை மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். பின்பக்கம் முழுக்க, நம்பரின் மேலேயே படும்படி, 'ஆறுமுகம் நினைவாக' என்று வெட்டியிருந்தது. கீழே தேதி.

"இதுவும் எவர்சில்வர்தானளா? அவன் ஆசப்பட்டு வாங்குன பொருளு. அவன் பேரு இருக்கட்டும்" என்றார் மாமா. பேரில் நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நல்லாயிருக்கு மாமா என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாட்சைத்தான் வண்ணார்பேட்டை வாட்ச் கடை பாயிடம் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். கடையில் நின்ற ஆளைக்கூட மறந்துவிட்டார். "இத நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன் தங்கச்சி. மாப்பிள்ள சாதாரண ஆளில்ல" என்றார். எனக்குக் காந்தி பிழைத்துவிட்டாள் என்றே தோன்றிவிட்டது. பிறகு பைய அதைத் திருப்பினார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கிய?" என்றார்.

மெட்ராஸில் இந்த மாதிரி வாட்ச் வாங்குகிற ஒருவருக்கு அப்போதே போன் போட்டார். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "செத்தவுக பேரும் தேதியும் போட்ட வாட்ச எவன் கையில கட்டுவான்னு கேக்குதாரு. நம்பருக்குத்தான் வெலயாம். நம்பரு சுத்தமாத் தெரிஞ்சாப் பேசலாம்ங்காரு."

வண்ணார்பேட்டையிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். ஆற்றுப் பாலத்தில் நின்று உங்களைத் திட்டினேன், அத்தான். வாய்விட்டே திட்டினேன். என் வளையலை அடகுக் கடையில் நீட்டினபோது அந்த ஆள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தராசில் போட்டார், பணத்தைக் கொடுத்தார். உங்கள் வாட்சுக்குத் தராசு எங்கே இருக்கிறது? அதன் விலை உங்கள் தலைக்குள் இருந்தது, நீங்கள் அதையும் கூடவே கொண்டுபோய்விட்டீர்கள். நாங்கள் அதைத் தம்ளரோடு தம்ளராகத்தானே பார்ப்போம்? ஒரு வார்த்தை, அதன் முதுகில் கை வைக்காதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கக்கூடாதா?

படிக்கிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால் இதுதான் சொல்வேன். கையில் மிச்சம் இருக்கிறது, கட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், வாங்கின அன்றைக்கே கட்டிக்கொள்ளுங்கள். ஆபத்துக்கு உதவும் என்று வாங்காதீர்கள். ஐந்நூறு பேருக்குத்தான் அது கிடைக்கும் என்பார்கள். நமக்கு ஆபத்து வருகிற அன்றைக்கு அதைக் கேட்டு வாசலுக்கு வருகிற ஆள் ஒருத்தர்கூட இருக்கமாட்டார்.

பாய் சொன்னதை மாமாவிடம் மறைத்திருக்கவேண்டும். அவர் விடாமல் கேட்டார், சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் காபி கொண்டுபோனால், பின்கட்டில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சைக்கிள் கடை உப்புத்தாள். "பேரு போயிட்டா வெல வரும்லா தாயி? நான்தான வெட்டினேன், நானே எடுத்திருதேன்" என்றார். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. பெற்ற பிள்ளையின் பேரை அழிக்க ஒரு மனுஷர் அப்படித் தேய்த்ததை நான் பார்த்தேன், அத்தான். பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரன் போட்ட நம்பர் மயிரிழை மாதிரி மேலாக இருந்திருக்கிறது, சுத்தமாகப் போய்விட்டது. பாத்திரக் கடைக்காரர் ஆழமாக வெட்டின உங்கள் பேர் அப்படியே இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். பேரு போயிட்டா என்று கேட்டார். போயிட்டு மாமா என்றேன். வேறு என்ன சொல்ல?

கடைசியில் பாய்தான் வழி சொன்னார். பின்மூடியைக் கழற்றிவிட்டு வேறு மூடி போட்டுக்கொள்வார்களாம். நம்பர் இல்லாத வாட்சாக, உள்ளே இருக்கிற மெஷினுக்கு என்ன பெறுமோ அதை வாங்கித் தந்தார். நீங்கள் சொன்ன விலையில் அது கால்வாசிகூட இல்லை. மீதிக்கு மாமா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொடுத்துவிட்டார். இனிமேல் விற்கவோ அடகு வைக்கவோ இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.

கழற்றின மூடியைப் பாய் ஒரு தாளில் மடித்து என்னிடமே கொடுத்தார். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். காந்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அம்மா, இது அப்பா பேருல்லா? ஏன் இப்படிக் கீறியிருக்கு?" என்று கேட்டாள். தாத்தா துடைச்சாங்க என்றேன். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவருவேன் என்கிறாள். உள்ளே விடமாட்டார்களாம். அதனால் கதவுக்கு வெளியே தாத்தா கையில் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மாமா சாப்பிட உட்கார்ந்தால் தம்ளரில் உங்கள் பேர் தெரிகிறது. நான் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். பக்கத்தில் இன்னொரு பேரும் இன்னொரு தேதியும் வருமோ என்று மனசு பாழாய்ப்போன கணக்குப் போடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த ஐந்நூறைச் சொல்லித்தான் தைரியம் சொல்லியிருப்பீர்களோ?

போகட்டும். உங்களை இனித் திட்டமாட்டேன். காந்தியை நடத்தியே வீட்டுக்குக் கூட்டி வருவேன். இந்த வீட்டிலிருந்து இன்னொரு பேர் அந்தப் பாத்திரக் கடைக்குப் போகாது. போக விடமாட்டேன்.

உங்கள் மாமன் மகள்,
காந்தியின் அம்மா,
சிவகாமி