தொடாமலே அழுத்திக்கொள்ளும் திரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் போன் கணக்கு சாரை ஆறு முறை கூப்பிட்டது. நான் இல்லை, போன். அது மேஜையில் கிடந்தது, நான் எதிரே பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். விரலே படவில்லை, திரை தன்னைத்தானே அழுத்திக்கொள்கிறது. ஆறாவது அழைப்பில் சார் எடுத்தார்.

"இந்த வாரம் நான்தான் மாட்டினேனா?"

"சத்தியமா போனேதான் பண்ணுது சார்."

"ஆமா, அதுக்கும் கணக்குல சந்தேகம் போல." வைத்துவிட்டார்.

ஜோக் நன்றாக இருந்தது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

மார்ச் 4

அண்ணனிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் வேலை நிரந்தரமானதும், நான் கேட்காமலே அவன் வாங்கிக் கொடுத்த போன் இது.

"கீழ போட்டியா?"

"இல்ல."

"யோசிச்சு சொல்லு."

"இல்லடா! தானா அழுத்துது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பீரோவிலிருந்து பில்லை எடுத்து மேஜையில் வைத்தான். "இருவதாம் தேதியோட உத்தரவாதம் முடியுது. நீயே போய்ப் பாத்துக்க." குளிக்கப் போய்விட்டான்.

திட்டவில்லை, குட்டவில்லை. இரண்டு வாரமாகவே இப்படித்தான், என்னிடம் வார்த்தையை எண்ணி எண்ணிப் போடுகிறான். நம்பவில்லை என்று தெரிகிறது. சரி, சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியவள் நான்தான். அவன் ஷூவுக்குள் ரப்பர் பல்லி வைத்தவளும் நானேதான். அதற்காக நிஜத்தைக் கூடவா நம்பக் கூடாது?

மார்ச் 7, சனி

சேவை மையம். டோக்கன் 43. ஓடிக்கொண்டிருந்த எண் 9. நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று திருகி வைத்தவை. கோடியில் ஒருவர் காலாட்டினால் ஏழு பேரும் ஆடுகிறோம்.

என் முறை வந்ததும் கவுன்ட்டர் அக்கா போனைத் திறக்கச் சொல்லி, தட்டினார், தடவினார், தலைகீழாகப் பிடித்தார். போன் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. "குறை ஏதும் இல்ல பாப்பா."

பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் அது கணக்கு சாருக்குப் போட்டுவிட்டது. துரோகி!

மார்ச் 9

உத்தரவாதம் என்று பெயர். உத்தரவு அவர்களுடையது, வாதம் என்னுடையது.

மார்ச் 14, சனி

அம்மாவின் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேல், போன் தானாக 7, 7, 7, 3 என்று அழுத்துகிறது. அக்கா இரண்டு தடவை பார்த்தார். "நெஜமாதான் இருக்கு. விட்டுட்டுப் போ, மாடில இன்ஜினியர் பாப்பாரு." முன்னும் பின்னும் படம் எடுத்து, பையில் போட்டு, ரசீது கொடுத்தார்.

வெற்றி! அண்ணனிடம் ரசீதை நீட்டினேன். "ம்" என்றான். ஒரே ஒரு எழுத்து.

மார்ச் 17, செவ்வாய்

அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது: "திரையில் விரிசல். பயன்படுத்தியவரால் ஏற்பட்ட சேதம். உத்தரவாதம் பொருந்தாது."

எந்த விரிசல்? யார் வீட்டு விரிசல்? பள்ளி விட்டதும் சீருடையோடு ஓடினேன். அக்கா கணினியை என் பக்கம் திருப்பினார். அன்று எடுத்த படம். பூட்டிய திரை. மூலைக்கு மூலை சிலந்திவலை மாதிரி விரிசல்.

ஐயோ.

அது நான் வைத்த படம்தான். அண்ணனை அலற வைக்கப் போன மாதம் பூட்டுத்திரையில் வைத்தேன். அவன் அலறவே இல்லை. பார்க்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். பிறகு கண்ணுக்குப் பழகிப்போய், அது இருப்பதே மறந்துவிட்டது.

"அக்கா, அது வெறும் படம்."

"எது?"

"விரிசல்."

"பாப்பா, பின்னாடி இருவது பேர் நிக்கிறாங்க."

"நீங்களே போனைத் தடவிப் பாருங்க!"

"போன் மாடில இருக்கு. புகாரை முடிச்சாச்சு. மறுபடி திறக்கணும்னா பில்லுல பேர் இருக்கறவர் வந்து கையெழுத்துப் போடணும்."

பில்லில் இருப்பது அண்ணன் பேர். இன்னும் மூன்று நாள். யாரையோ ஏமாற்ற வைத்த படத்தில் ஒரு நிறுவனமே ஏமாந்திருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

மார்ச் 18

சொல்லவில்லை. சொல்லப் போனேன், அவன் தூங்கிவிட்டான். சரி — தூங்கும்வரை நான்தான் காத்திருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். அவன் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். விரிசல் படம் என்றதும் குழாயை மூடினான்.

"அது படமா?"

"நீ பாத்தியா?"

"போன மாசமே பாத்தேன். சார்ஜ்ல கெடந்துச்சு. ஒடச்சிட்ட, பயத்துல சொல்லாம இருக்கன்னு நெனச்சேன். நீயா வந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்டி. நீ என்னன்னா, போன் தானா அழுத்துதுன்னு கதை விடற."

ஒரு மாதம்! நான் இவன் அலறலுக்குக் காத்திருந்தேன், இவன் என் உண்மைக்குக் காத்திருந்திருக்கிறான். "கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரசீதா?"

பில்லை எடுத்து வந்து அவன் முன் வைத்தேன்; கையெழுத்து அவன்தான் போட வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி — கடைசி நாள்

அண்ணன் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தான். கையெழுத்துப் போட்டதும் போன் மாடியிலிருந்து இறங்கியது. கவுன்ட்டர் அக்கா விரிசல் மேல் நகத்தால் கீறிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல எப்படித்தான் வச்சிருக்காங்க உன்ன?"

"கஷ்டம்தாங்க" என்றான் அண்ணன்.

ஆனால் போன் மறுபடியும் நல்ல பிள்ளை. அக்கா உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் மட்டும் அசரவில்லை. "லிஃப்டும் இப்படித்தாங்க. நான் போய் நின்னா ஒழுங்கா ஓடும். சூடேறினாத்தான் கோளாறு காட்டும். சார்ஜ்ல போட்டு, ஒரு வீடியோவ ஓட விடுங்க."

பதினோரு நிமிடம். பன்னிரண்டாவதில் எண்கள் தானாக ஓடின. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். ஒலிபெருக்கியையும் அதுவே அழுத்திக்கொண்டது.

"மறுபடியும் நீயா?" என்றார் கணக்கு சார், மையம் முழுக்கக் கேட்கும்படி.

அக்கா என் ரசீதில் முத்திரை குத்தினார்.

மார்ச் 27

புதுப் போன். சாருக்கு நானே கூப்பிட்டு, "சார், இது நான்தான்" என்றேன். நம்பவில்லை.

மார்ச் 30, திங்கள்

படியிறங்கும்போது கை நழுவிவிட்டது. போனின் ஓரத்தில் அரிசி அளவுக்குச் சிராய்ப்பு. உறை போட்டால் தெரியாது. உறையைப் போட்டேன். கழற்றினேன். போட்டேன்.

சாயங்காலம் அண்ணன் ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அவன் வாங்கிப் பார்க்கக் கூட இல்லை.

"உனக்கு அடிபட்டுச்சா?"

"இல்ல."

"சரி. படியில பாத்து எறங்கு."

அவ்வளவுதான். இப்படிப் பொசுக்கென்று நம்புகிறவனை இனி நான் எப்படி ஏமாற்றுவது?