உன் படத்தில் பின்னால் நின்றவள்

தி. நகர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செம்பியனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம், காஷ்மீர்க் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். உங்கள் படை மூன்று தீவிரவாதிகளைச் சுட்ட செய்தி உன் படத்தோடு பேப்பரில் வந்ததல்லவா, அதை உன் அப்பா கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டார், புடவை எடுக்க வருகிறவர்களிடம் விலைக்கு முன்னால் உன் கதையைத்தான் சொல்கிறார். ஊர்க் கண்ணெல்லாம் உன்மேல் விழுகிறதே என்று பயந்து, வீட்டிலிருந்த இன்னொரு பேப்பரை விரித்து, உப்பும் மிளகாயும் எடுத்து உன் படத்துக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். துளி நெடி வரவில்லை, அவ்வளவு திருஷ்டி. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், உனக்குப் பின்னால் இடிந்த சுவரோரம் முக்காடு போட்ட ஒருத்தி நிற்கிறாள், என் வயசுதான் இருக்கும். செத்தவர்களில் ஒருவனுடைய தாயார் என்று கீழே போட்டிருக்கிறது. உனக்குச் சுற்றியது அவளுக்கும் சேர்த்துச் சுற்றியதாகிவிட்டது.

உன் அப்பாவிடம் சொன்னதற்கு, தீவிரவாதி அம்மாவுக்கு என்ன திருஷ்டி என்று கத்தினார். அவள் பிள்ளைக்காக நான் ஒன்றும் அழவில்லை ஐயா. பஸ்ஸில் போன ஜனங்களைக் கொன்றவன், சாக வேண்டியவன்தான். ஆனால் அவள் அழாமல் உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடையில் முக்காடு போட்ட யாராவது கண்ணாடி முன் நின்றாலும் எனக்குத் திக்கென்கிறது, தூக்கமே போய்விட்டது.

போன வருஷம் லீவில் வந்தபோது, "இன்னும் ஏழெட்டுப் பேர்தாம்மா, முடிச்சிடுவோம்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை முடித்தாயிற்று, இப்போதும் ஏழெட்டுப் பேர் என்கிறாய், அதற்காக இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கக் கேட்கப்போகிறாயாம். ஹெலிகாப்டரும் பீரங்கியும் இருக்கும்போது எத்தனை நாள் தாங்குவான்கள் என்கிறார் அப்பா. நான் கடைக்காரன் பெண்டாட்டி, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விற்க விற்க அலமாரி காலியாகவில்லை என்றால், எங்கிருந்தோ சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பெரிய ஆபீசர்கள் யாராவது கேட்டார்களா?

உன் தங்கை தீபிகா அனுப்பிய கம்பளி உள்சட்டையைப் போட்டுக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. திருச்செந்தூர் முருகன் உன் தலைக்கு மேலே நின்று காக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரி. அந்த அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறானா? இல்லை என்றால் இருந்து முடித்துவிட்டு வா, நான் தடுக்கவில்லை. இருக்கிறான் என்றால் அது ஒரு வருஷத்தில் முடியாது ஐயா, நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சண்முகவடிவு