லியூபாவுக்குக் கொடுக்காத நூல்

அன்புள்ள பேத்ருவுக்கு,

நலம்தானே? உன் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை, கைதான் கொஞ்சம் வெடித்திருக்கிறது.

ஞாயிறன்று இங்கிருந்து நம் ஊருக்குப் பொட்டலம் ஏற்றும் வேனருகே லியூபாவின் அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடாமல் கேட்டேன். மார்ச் முதல் தேதி நம் மகள் இலீனா வகுப்பில் வசந்த வாழ்த்தாக எல்லோர் சட்டையிலும் சிவப்பு வெள்ளை நூல் குத்திவிட்டாளாம். லியூபாவிடம் மட்டும், “உங்கம்மா இத்தாலியில கிழவிக்குப் பீத்துணி துவைக்கிறவ, தள்ளிப் போ” என்றாளாம்.

போனில் சொன்னால், “சின்னப்புள்ள பேச்சு, விடு” என்று சிரிக்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இங்கே துணிக்கடையில் வேலை பார்ப்பதாக அவளிடம் சொன்னது நாம்தானே? அந்தப் பொய்யைத் தின்றுதான் இந்தத் திமிர் வளர்ந்திருக்கிறது. நானும் அதே வேலைதான் செய்கிறேன் என்று லியூபாவின் அம்மாவுக்குத் தெரியும். தன் மகளிடம்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை இலீனாவிடமே கொடு, சத்தமாகப் படிக்கட்டும். பிறகு அவளே நூல் திரித்து, லியூபா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கொடுக்கட்டும். மாதம் முழுக்கக் குத்திக்கொள்ளும் நூல்தானே, மார்ச் இன்னும் முடியவில்லை.

அடுத்த வேனில் கைக்குத் தடவக் களிம்பு அனுப்பு. எனக்கும் ஒரு நூல் வை, இங்கே யாரும் தரவில்லை. ஆனால் முதலில் லியூபாவுக்கு.

கிழவி மணி அடிக்கிறாள், கழுவிவிட வேண்டும். இந்த வரியையும் இலீனா படிக்கட்டும்.

உன் அக்சீனியா