நிறுத்தி வைத்த நரிக்குட்டி

அன்பு மகள் அசாகோவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் தாத்தா பாட்டி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போது வேண்டிக்கொண்டேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நம் சகாதா ஊரில் பனிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, வாசலில் இடுப்பளவு கிடக்கிறது, அள்ளிப் போடத்தான் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் போனில் அப்பாவுக்கு முடியவில்லை, கிளம்பி வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் இருக்கும். என்ன செய்வது, வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. எழுதினால் அந்த வம்பு இல்லை. எழுதி முடித்ததும் இங்கே இருக்கும் நர்ஸ் பெண் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள், நல்ல பெண்.

அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். உன்னிடமும் அண்ணனிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாயாம், கியோவிடம் சொன்னால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவானாம். இதற்கு மேல் உள்ளே போக அவனுக்கு இடம் எங்கே இருக்கிறது, சொல். அந்தக் கம்பெனி வேலை போன அன்றைக்கு மாடி ஏறியவன், உன் கல்யாணத்துக்கும் இறங்கவில்லை, இருபது வருஷம் ஆகப்போகிறது. படியில் சாப்பாட்டுத் தட்டை வைக்கிறேன், வெறும் தட்டு திரும்பி வருகிறது, அதுதான் எனக்கும் என் பிள்ளைக்கும் பேச்சு. அப்பாவுக்கு அந்த டாக்டர் சொன்னது கூடப் பெரிதில்லை. கண் மூடுவதற்குள் அவன் ஒரு தடவை அந்தப் படியில் இறங்கி வரணும், அது ஒன்றுதான் என்றார். நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு அந்தத் தட்டை யார் வைப்பார்கள் என்று எனக்கு வேறு தூக்கம் போச்சு.

இப்படி இருக்கும்போது உன் அப்பா ஒருநாள் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய குண்டு டிவியை உருட்டிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் விடவில்லை, பிடிவாதத்தில் கழுதை தோற்றுப்போகும். பிறகு அலமாரியிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு விளையாடிய அந்த சிவப்பு வெள்ளை வீடியோ கேம் பெட்டி. நரிக்குட்டி விளக்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுமே, அந்த கேசட் அதிலேயே செருகியிருந்தது, முதுகில் "கியோவுடையது, தொடாதே அசா" என்று மையில் எழுதியது இன்னும் அழியவில்லை. அடாப்டர் மட்டும் இல்லை. அண்ணன் பரீட்சையில் கோட்டை விட்ட வருஷம், ஊரில் எல்லா அப்பா அம்மாவும் செய்வதுபோல இவரும் அடாப்டரை ஒளித்து வைத்தாரே, எங்கே என்று நீங்கள் வீட்டையே தலைகீழாகப் புரட்டவில்லையா. பூஜை அலமாரியின் அடித்தட்டில், மெழுகுவர்த்திக்குப் பின்னால் இருந்து எடுத்தார். முன்னோர் படத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளை கை வைக்கும் என்று அங்கே வைத்தாராம். அடுத்த பரீட்சை முடிந்ததும் கொடுக்கலாம் என்றிருந்தாராம், அவனாக வந்து கேட்பான் என்று இவர் காத்திருந்தார், அவராகக் கொடுப்பார் என்று அவன் காத்திருந்தான், நல்ல அப்பன், நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மிசோ சாறு குடித்ததும் டிவிக்கு முன்னால் மெத்தையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சத்தத்தை மட்டும் முழுசாக வைப்பார். "ஏன்யா ஊரைக் கூட்டுறீங்க"ன்னு கேட்டேன், "ஊருக்கில்லடி, மாடிக்கு" என்றார். விளையாடவா தெரியும் அவருக்கு, வாழ்நாளெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை, அந்தச் சின்ன பட்டனில் இரண்டு விரல் சேர்ந்து விழுகிறது. முதல் பள்ளத்திலேயே நரிக்குட்டி விழும், அந்தச் சாவு மெட்டு ஒப்பாரி மாதிரி வரும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கேட்டு மீன் சுடும்போது எனக்கே வாயில் வந்துவிட்டது. ஒருநாள் மாடியிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம், குதிகாலால் தரையை இடித்த மாதிரி. சரி, பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது, நிறுத்துங்கள் என்றேன். அப்பா கையைக் காட்டி என்னை அடக்கினார். மறுபடி ஓடினார், மறுபடி தொம், நரிக்குட்டி விழுந்தது. மூன்றாவது தடவைதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது, விழுந்த பிறகு இடிக்கவில்லை அசாகோ, விழுவதற்கு முன்னாலேயே இடிக்கிறான். குதி என்கிறான். நரிக்குட்டியின் காலடிச் சத்தத்தை வைத்தே அது எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது, அந்த ஆட்டத்தை அவன் கரைத்துக் குடித்தவன் அல்லவா. தொம் என்றதும் அப்பா பட்டனை அழுத்தினார், நரிக்குட்டி பள்ளத்தைத் தாண்டிவிட்டது. உன் அப்பா அழுதார். நான் அவரோடு குடித்தனம் பண்ணிய இத்தனை காலத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

அப்புறம் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், இவர் கீழே, அவன் மேலே, நடுவில் கூரைப் பலகை. அப்பா வேண்டுமென்றே தப்பாகக் குதித்தால் மேலே டமடமவென்று மிதிப்பான், இவர் "பாத்தியாடி, வாத்தியாருக்குக் கோபம் வந்துருச்சு"ன்னு சிரிப்பார், சிரித்ததும் இருமல் வரும். நானும் பைத்தியக்காரி, இன்றைக்கு இறங்குவான், நாளைக்கு இறங்குவான் என்று மேசையில் அவன் கிண்ணத்தையும் சேர்த்து வைத்தேன். அவன் தொம் தொம்மென்று இடித்தானே தவிர கதவு திறக்கவில்லை. கடைசி மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, "அணைச்சிராத, வந்து முடிக்கிறேன்" என்று சொல்லித்தான் டாக்ஸியில் ஏறினார். அதில் சேமித்து வைக்க வழி கிடையாது, அணைத்தால் எல்லாம் போய்விடும், நீங்களும் சின்ன வயதில் அப்படி நிறுத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவீர்களே. பெட்டி சூடேறிவிடும் என்று அண்ணன் அடியில் இரண்டு சாப்பாட்டுக் குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டுப் போவான், குச்சியை வீணாக்குகிறாய் என்று நான் கத்துவேன். கியோவிடம் சும்மா பரிசோதனைக்குப் போகிறோம் என்று படியடியில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வந்த பிறகு தினமும் நான் வீட்டுக்குப் போய்த் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியதும் அப்பா கேட்கும் ஒரே கேள்வி, இறங்கினானா. இறங்கினான் என்பேன். வந்து டிவியைப் பார்த்தான், உங்களைக் கேட்டான், இன்றைக்கு முள்ளங்கி ஊறுகாய் இன்னும் கொஞ்சம் கேட்டான், இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டே, "பொய் சொல்றப்ப மூக்க தடவாதடி, கல்யாணமான புதுசுலேருந்து இதத்தான் பண்ற"ன்னு சிரித்தார். ஆனாலும் மறுநாள் மறுபடி கேட்பார். பொய் என்று தெரிந்தே கேட்கிற மனிதரிடம் எப்படி உண்மையைச் சொல்வது, நீயே சொல்.

நான்தான் தாங்க முடியாமல் போய்விட்டேன். உனக்குப் போன் பண்ணிய அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படியடியில் நின்று கத்தினேன். "டேய் கியோ, உங்கப்பா சாகக் கெடக்குறாருடா, பரிசோதனையும் இல்ல ஒண்ணுமில்ல, ஒரே ஒரு தடவ எறங்கி வாடா பாவி" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். இடித்துக்கூடக் காட்டவில்லை. இப்படி ஒரு கல்லையா பெற்றேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று போனபோது தட்டு அப்படியே இருந்தது, சோறு காய்ந்து போயிருந்தது, குச்சியை மட்டும் காணவில்லை. இது என்ன கூத்து, சாப்பிடாதவனுக்குக் குச்சி எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போனேன். டிவியில் நரிக்குட்டி மலையடிவாரத்தில் விளக்கோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்கு அடியில், குறுக்கே, இரண்டு குச்சி.

அசாகோ, அவன் இறங்கியிருக்கிறான். நான் இல்லாத நேரத்தில் இறங்கி, அந்த மெத்தைக்கு முன்னால் குனிந்து, பெட்டி சூடேறாமல் குச்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பட்டனைக்கூட அமுக்கவில்லை, அப்பாவின் ஆட்டம் அப்பா விட்ட இடத்திலேயே இருக்கிறது. பூட்ஸைக்கூடச் சரியாக மாட்டாமல் பனியில் விழுந்து எழுந்து இங்கே ஓடி வந்தேன். நான் வீட்டுக்குப் போயிருந்த நேரத்திலேயே அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டதாம். காதோடு வாயை வைத்துச் சொன்னேன், இறங்கினான்ங்க, நிஜமா இறங்கினான், என் மூக்கைப் பாருங்க, தடவவே இல்ல பாருங்க என்று. கண் திறக்கவில்லை. கையைப் பிடித்து அமுக்கினேன், அந்தக் கை திருப்பி அமுக்கவில்லை. காது கேட்கும், பேசுங்கள் என்கிறாள் நர்ஸ், எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாளாயிருக்கும். பொய் சொன்ன நாளெல்லாம் கேட்டார், உண்மை கொண்டுவந்த அன்றைக்குக் கேட்க அவர் இல்லை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன் கண் முன்னாலேயே வளர வேண்டும், இந்த வீட்டில் நடந்தது உன் வீட்டில் நடக்கக் கூடாது. விமானத்தில் காலுறை இரண்டு போட்டுக்கொள். நேராக ஆஸ்பத்திரிக்கு வா, அப்பா இருக்கிறவரைக்கும் இங்கேதான் இருப்பேன். பிறகு வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் நான் இருக்கிறேனோ இல்லையோ, ஒன்றை மறக்காதே. ஆளில்லாத கூடத்தில் டிவி ஓடுகிறதே என்று பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதே. அண்ணன் காவல் இருக்கிறான்.

அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி,
உன் அம்மா
ஃபுமியே