பொட்டு யாருக்கு

14 ஆகஸ்ட் 1976, சனி

கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் போட்ட பழைய சோக நாடகத்துக்கு மகன் குமரனுடன் போனேன். கணவன் இறந்த கையோடு மறுமணம் செய்த தாயை, மேடையில் அவளுடைய மகன் வார்த்தைகளால் கிழித்தெடுத்தான். திரும்பும்போது காரில் குமரன் என் நெற்றியைப் பார்த்தான்.

“அப்பா போய் ஒரு வருசம் ஆகேல்லை. இந்தப் பொட்டு ஆருக்கு அம்மா? ஞாயிறு தவறாமல் வாற சிவம் அங்கிளுக்கோ?”

“‘பொட்டை அழிக்காதையும்’ எண்டு ஆஸ்பத்திரியில அப்பாதான் சொன்னவர்.”

“நல்லா நடிக்கிறியள். நீங்களும் மேடையில ஏறியிருக்கலாம்.”

வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டான். என் கணவர் அதைச் சொன்னபோது அறையில் வேறு ஒருவரும் இல்லை. இன்னொருத்தி இப்படிச் சொன்னால் நானே நம்பமாட்டேன். பொட்டைக் கழுவினால் குமரன் நாளை சாப்பிட வருவான். கழுவாமல்தான் படுக்கப்போகிறேன்.